எல்லா விளக்குகளும்

அத்தியாயம் பதினான்கு

மாஸ்டர் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். கழுத்து இறுகியது. இறுகட்டும் என்று விட்டுவிட்டார்.

ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் தெருவுக்கு அவர் மாஸ்டர்தான். அவர் வாசலில் வந்து நின்றால், பால் போடுகிறவர் முதல் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வரை குரலைக் குறைத்துக்கொள்வார்கள். இப்போதும் குறைத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் அது மரியாதையா, பரிதாபமா என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் மாநகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை அவர் யாருக்கும் காட்டாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தோம். அதில் கண்டிருந்தது இவ்வளவுதான். தாங்கள் கேட்ட பதிவேடுகளைத் திரட்ட வேண்டுமானால் இந்த அலுவலகத்தின் மற்ற வேலைகளை நிறுத்திவைக்க நேரும். ஆகவே மனுவை மறுக்க எண்ணியிருக்கிறோம். மறுப்பதற்கு முன் தங்களோடு பேசி மனுவைச் சுருக்கிக் கொடுக்க உதவுவது எங்கள் கடமை. நேரில் வரவும்.

வரச் சொல்லியிருந்த நேரம் இன்று காலை.

அவர் என்ன கேட்டிருந்தார்? நகரத்தில் உள்ள அத்தனை போக்குவரத்து விளக்குகளும் பழுதான விவரம், பழுது பார்த்த விவரம், அவற்றைப் பற்றி வந்த புகார்கள், புகார்களுக்கு எழுதிய பதில்கள். விளக்குகளை நட்ட காலத்திலிருந்து இன்று வரை.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விளக்கு. தண்ணித்தொட்டி முக்கில் நிற்கும் விளக்கு. அதுவும் ஒரே ஒரு காலை நேரம்.

அந்தக் காலையில் அவருடைய தம்பி ஓட்டிய நகரப் பேருந்து அந்த முக்கைக் கடந்தபோது, சைக்கிளில் வந்த ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளி அதில் அடிபட்டுச் செத்துப்போனார். சிவப்பு எரியும்போது டிரைவர் வண்டியை விட்டார் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். வேலை போயிற்று. யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "பச்சைதாண்ணா எரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்த தம்பி, சில மாதங்களில் ஒரு மத்தியான வேளையில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டான்.

சிக்னலை மதிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒருவன் சிவப்பில் வண்டியை விட்டான் என்ற பேச்சு. அன்று விளக்குதான் பழுதாகியிருந்தது என்று காட்டி அதைத் துடைத்துவிட வேண்டும். அதுதான் மாஸ்டரின் தவிப்பு.

அப்படியானால் அந்த ஒரு விளக்கைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டால், 'ஓ, அந்தப் பஸ் டிரைவர் வீடா?' என்று ஒரு குமாஸ்தா இன்னொரு குமாஸ்தாவைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குத் தம்பியை இன்னொரு தடவை கொடுக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. எல்லா விளக்குகளையும் கேட்டால், எந்த விளக்கு என்று யாருக்கும் தெரியாது அல்லவா?

அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார்.

---

கீழே தம்பி மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படியிறங்கி வந்த மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க மாமா, கழுத்துப் பொத்தானெல்லாம் போட்டுக்கிட்டு?"

"பென்ஷன் விஷயமா ஒரு இடத்துக்கு."

"பென்ஷன் ஆபீசுக்கா இந்தச் சட்டை?"

"சட்டைக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. பொண்ணு பாக்கப் போறவர் மாதிரி இருக்கீங்க, அதான் கேட்டேன்." சிரிக்க முயன்றாள். முகம் இடம் கொடுக்கவில்லை. "இவளைக் கூட்டிட்டுப் போங்க. இவளுக்கு இன்னிக்கு மத்தியானம்தான் கடை. வெயில்ல தனியா அலையாதீங்க."

இவள் என்றால் மகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பேர். அப்பா போன பிறகு வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது. பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"நான் நடந்தே போயிக்குவேன்" என்றார் மாஸ்டர்.

"பெரியப்பா, நீங்க நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள பென்ஷன் ஆபீசருக்கே பென்ஷன் வந்துடும். ஏறுங்க" என்றாள் வாயாடி, ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே.

ஏறி உட்கார்ந்தார். வண்டி தெருமுனையில் வேகம் எடுத்தது.

"மெதுவா. முன்னாடி சிக்னல் இருக்கு" என்றார்.

சொன்ன பிறகுதான் வாய்க்குள் அந்த வார்த்தை கசந்தது. அந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. வாயாடி வேகத்தைக் குறைத்தாள். ஒழுங்காக நின்று, ஒழுங்காகக் கிளம்பினாள். பிறகு, நேராகப் போனால் தண்ணித்தொட்டி முக்கு வந்துவிடும் என்பதால், வழக்கம்போல் துணிக்கடைச் சந்தில் நுழைந்து சுற்றிக்கொண்டு போனாள். அப்படிச் சுற்றிப் போகச் சொல்லி யாரும் யாருக்கும் சொன்னதில்லை. மூன்று பேரும் அப்படித்தான் போகிறார்கள்.

"இப்ப வலது பக்கம்தானே?"

"இடது பக்கம் போ."

"பென்ஷன் ஆபீஸ் வலது பக்கம் பெரியப்பா."

"மாநகராட்சிக்குப் போ."

வாயாடி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். வண்டியை இடது பக்கம் திருப்பினாள்.

---

பதிவறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் காதில் பென்சில் செருகிய தச்சர் ஒருவரும், மடியில் பையை அணைத்துக்கொண்டு ஒரு பருத்த அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் விறைப்பாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வாயாடி அந்த அம்மாளுக்குப் பக்கத்தில்.

"நீங்க எதுக்கும்மா வந்திருக்கீங்க?" என்று வாயாடி பேச்சுக் கொடுத்தாள். பழக்கம் விடவில்லை.

"அதை ஏன் கேக்கிறே. எங்க வீட்டு அடுப்பங்கரைக்குள்ள சாக்கடைத் தண்ணி ஏறுது. பூமிக்கடியில குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு வரைபடம் கேட்டேன். வாரக்கணக்கா அலையறேன். ஆள் இல்லையாம்."

"இத்தனை பேர் உள்ள இருக்காங்களே?"

"இருக்காங்க. எல்லாரும் வேற ஒருத்தனுக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க. யாரோ ஒரு மகராசன், ஊர்ல இருக்கிற அத்தனை சிக்னல் விளக்கையும் கேட்டு எழுதிப் போட்டுட்டானாம். ஒண்ணு ரெண்டு இல்லம்மா, அத்தனையும்!"

"விளக்குக் கடை வைக்கப் போறானோ என்னமோ" என்றார் தச்சர்.

வாயாடி பக்கென்று சிரித்துவிட்டாள். "இல்லேன்னா வீட்டுல விளக்கே இல்லாத ஆளா இருக்கும்."

"பொழுது போகாத கிழமா இருக்கும்" என்றாள் அந்த அம்மாள். "அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, கூட்டிட்டுப் போயி எங்க அடுப்பங்கரையில நிக்க வச்சிடுவேன். முட்டி வரைக்கும் நிக்கட்டும், அப்பத் தெரியும்."

சிரித்துக்கொண்டே வாயாடி பெரியப்பா பக்கம் திரும்பினாள். அவர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

வாயாடியின் சிரிப்பு அப்படியே நின்றது.

உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "சிக்னல் விளக்கு மனு யாருங்க? உள்ள வாங்க" என்றார்.

மாஸ்டர் எழுந்தார். அந்த அம்மாளைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போனார்.

---

பதிவறை அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் தெரியாத அளவுக்குக் கட்டுக்கட்டாகக் கோப்புகள். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார்.

"உக்காருங்க சார்."

"நிக்கிறேன். பரவாயில்ல."

"நீங்க நின்னா மரியாதைக்கு நானும் நிக்கணும். எனக்கு முழங்கால் வலி. உக்காந்துடுங்களேன்."

உட்கார்ந்தார். வாயாடி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"உங்க மனுவை மறுக்கணும்னு எனக்கு ஆசை இல்ல சார். சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ஒருத்தர் கேட்டதைத் தேடறதுக்காக மத்த எல்லாரோட வேலையும் நின்னு போற நிலைமை வந்தா மறுக்கலாம். ஆனா பெரிசா இருக்குன்னு சும்மா தூக்கிப் போட்டுட முடியாது. முதல்ல கூப்பிட்டுப் பேசணும். எதைக் குறைச்சா குடுக்க முடியும்னு நாங்க சொல்லணும். அதுக்கப்புறமும் நீங்க இறங்கி வரலைன்னாதான் மறுக்கலாம்."

"எனக்கு எல்லாமே வேணும்."

"எந்தப் பகுதின்னாவது சொல்லுங்க."

"எல்லாப் பகுதியும்."

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்."

"சரி, இது எதுக்காக உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் தாமே நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. ஏன்னு நான் கேக்கக் கூடாது. எதுன்னு மட்டும்தான் கேக்கலாம்."

மாஸ்டருக்கு எது என்பதும் ஏன் என்பதும் ஒன்றுதான். எது என்று சொன்ன மறுகணமே ஏன் என்பது மேஜைமேல் வந்து விழுந்துவிடும். அதை எப்படி இந்த அம்மாளுக்குச் சொல்வது?

"அப்ப மறுத்துடுங்க. எழுத்துல குடுங்க" என்றார்.

சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. மாநகராட்சி மறுத்துவிட்டது. மறைத்துவிட்டார்கள். நாலு பேரிடம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியை அவரே எதிர்பார்க்கவில்லை. எதைப் பார்க்காமல் இருக்க இப்படி நிம்மதிப்படுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"தாராளமா எழுதித் தரேன்" என்றார் அதிகாரி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பழைய பழுதுத் தாள்களைக் கொஞ்ச காலம்தான் வச்சிருப்போம். அப்புறம் அழிச்சிடுவோம். உங்க மனு நிலுவையில இருக்கிறதாலதான் இப்ப அதுமேல யாரும் கை வைக்கல. மறுத்துட்டோம்னா, அழிக்கிறவங்க வந்து கட்டைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீங்க கேட்டாலும் இருக்காது."

"பெரியப்பா" என்றாள் வாயாடி. "நமக்கு வேண்டியது ஒண்ணுதானே? எதுக்கு எல்லாத்தையும் கேட்டீங்க?"

"வீட்டு விஷயத்தை வெளியில பேசாதே."

"வெளியில பேசத்தானே மனுவே போட்டிருக்கீங்க!"

"வாயை மூடு."

"அப்பாவைப் பத்திச் சொல்ல வெக்கமா இருந்துச்சா?"

தரையில் உட்கார்ந்திருந்தவர் தும்மலை அடக்கிக்கொண்டார்.

மாஸ்டர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடித்துவிடுவாரோ என்று நினைக்கத் தோன்றும் முகம். ஆனால் குரல் அப்படி வரவில்லை.

"வெக்கம் இல்லடி. விசாரணைன்னு அவனை ஒரு மேஜையில போட்டு அறுத்து முடிச்சிட்டாங்க. இன்னொரு மேஜையில நானே கொண்டுவந்து போடணுமான்னு..."

முடிக்கவில்லை. கதவுக்கு வெளியே அந்தப் பருத்த அம்மாள் யாரிடமோ, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. கோபமில்லாத, களைத்துப்போன குரல்.

மாஸ்டர் மறுபடி உட்கார்ந்தார். ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிக்கும்போது இருந்த அதே நிதானத்தில் சொன்னார்.

"தண்ணித்தொட்டி முக்கு. போன வருஷம். மழை தொடங்கின மாசம், முதல் திங்கட்கிழமை. காலையில."

அதிகாரி எழுதிக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் அவர் பயந்திருந்த பார்வை அந்த அறையில் யாரிடமும் இல்லை.

அதனால்தானோ என்னவோ, யாரும் கேட்காமல் அவரே சொன்னார். "அந்தப் பஸ்ஸை ஓட்டினது என் தம்பி."

"சரிங்க சார்" என்றார் அதிகாரி, மெதுவாக. "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இது ஒரே ஒரு தாள் சார். இருங்க, எடுத்துட்டு வந்துடறேன்." எழுந்தவர், தரையில் இருந்தவர்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் இதைக் கட்டி வச்சிட்டு, வெளியில அந்தம்மாவோட குழாய் வரைபடத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார்.

---

திரும்பி வந்தபோது அவர் கையில் தாள் இருந்தது. கூடவே, தாள் வாங்கிக்கொண்டவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடும் இருந்தது. தாளைக் குப்புற வைத்தார். பதிவேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"சார், இதே தாளை ஏற்கனவே ஒருத்தர் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு."

"யாரு? பத்திரிகைக்காரங்களா?"

அதிகாரி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார்.

வாயாடிதான் முதலில் கண்டுகொண்டாள். "அப்பா" என்றாள்.

வலது பக்கம் சாய்ந்த எழுத்து. கடைசியில் ஒரு வால். தம்பியின் கையெழுத்து.

"நேரா வந்திருக்காரு. எந்த முக்கு, எந்தக் காலைன்னு ஒரே வரியில எழுதிக் கேட்டிருக்காரு. அன்னிக்கே குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றார் அதிகாரி.

மாஸ்டர் கையெழுத்துக்கு எதிரே இருந்த மாதத்தைப் பார்த்தார். நினைவு பின்னோக்கி ஓடியது. அந்த மாதத்தில்தான் தம்பி பச்சை என்று சொல்வதை நிறுத்தினான். காலையில் சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லவில்லை. அவன் தேறி வருகிறான் என்று மாஸ்டர் சந்தோஷப்பட்டார். எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம்கூட அப்படிச் சொல்லிக்கொண்டார்.

வாயாடி போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் சலவை இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"அம்மா, அப்பா மாநகராட்சியில ஒரு தாள் வாங்கினாராமே? உனக்குத் தெரியுமா?"

"பெரியப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்காரு."

"அவர்கிட்ட குடு."

மாஸ்டர் போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"மாமா, வீட்டுக்கு வந்துடுங்க. அங்க எதையும் வாங்க வேண்டாம்."

"அந்தத் தாள் உன்கிட்டயா இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு."

"என்னம்மா எழுதியிருக்கு அதுல?"

அங்கே ஓர் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. அவள் மூச்சு விடுவது இப்போது கேட்டது.

"மாமா, அவரு என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அண்ணனுக்கு மட்டும் காட்டிடாதே, அவரு தாங்க மாட்டாருன்னு. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"நீ மட்டும் எப்படிம்மா தாங்கினே?"

"அதான் துணி துவைக்கிறேனே" என்றாள் அவள். வேடிக்கையாகச் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பாதியில் உடைந்துவிட்டது. "வந்துடுங்க மாமா. இவ அங்க நிக்கிறா. இவ முன்னாடி வேண்டாம்."

மாஸ்டர் போனை வாயாடியிடம் கொடுத்தார். அவள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவானாலும் இனி தனக்குத் தெரியாமல் நடக்க முடியாது என்பது போன்ற ஒரு பார்வை.

இவ்வளவு காலமும் குடும்பத்தின் மானத்தைத் தாம்தான் முதுகில் சுமப்பதாக நினைத்திருந்தார். கீழ்வீட்டில் இருந்த இரண்டு பேரும் அவரைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். ஒருவன் பாதி வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"வாங்கறதும் விடறதும் உங்க இஷ்டம் சார்" என்றார் அதிகாரி. "நீங்க வாபஸ் வாங்கினாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

குப்புறக் கிடந்த தாளில் எழுத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. படிக்க முடியாது. ஆனால் எழுதியிருந்தது கொஞ்சம்தான் என்பது தெரிந்தது.

"பேனா குடுங்க" என்றார் மாஸ்டர்.

கொடுத்தார். வீட்டுப் பத்திரமோ, ரேஷன் அட்டையோ, பள்ளிக்கூட விண்ணப்பமோ, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டிய எதிலும் அவர் மேலே போடுவார், தம்பி கீழே போடுவான். வேறு மாதிரி ஒருபோதும் போட்டதில்லை. பேனா முனை பதிவேட்டின் மேல் தயங்கி நின்றது.

"எங்க போடணும்?"

அதிகாரி விரலை வைத்துக் காட்டினார்.

"அவருக்குக் கீழ போடுங்க சார்."